எஞ்சினுக்குள் ஓர் எண்சுவடி

இலக்கியமும் வரலாறும் பேசும் இவ்விடத்தில் மோட்டார் எஞ்சினைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். அவ்வியப்புக்கு விடை சொல்லுமுன் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மார்கழியில் அரியலூர் நண்பர் ஒருவரின் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். அவரிடம் 2003 ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் கார் ஒன்று உண்டு. அதன் எண்பலகையில் அரியலூருக்குரிய டி.என். 61 இல்லை, பெரம்பலூருக்குரிய டி.என். 46 இருக்கிறது. அதுவே ஒரு வரலாற்றுக் குறிப்புத்தான். திருச்சி மாவட்டத்திலிருந்து 1995 இல் பெரம்பலூர் பிரிந்தது. பெரம்பலூரிலிருந்து 2001 இல் அரியலூர் பிரிந்தது. மறு ஆண்டே தாய் மாவட்டத்தோடு சேர்ந்துகொண்டது. 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. இரண்டும் ஒன்றாயிருந்த இடைக்காலத்தில் வாங்கிய கார் ஆகையால் இன்றும் அது பெரம்பலூர் எண்ணோடு அரியலூரில் வாழ்கிறது.

காருக்கு இரண்டு குறைகள். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது; ஆனபிறகும் சில நிமிடங்கள் விக்கிக்கொண்டே ஓடுகிறது. பச்சைமலை ஏற்றத்தில் முன்போல் இழுப்பதில்லை. "பெட்ரோலில் ஆல்கஹால் கலந்த நாளிலிருந்துதான் இந்தக் கேடு" என்பது நண்பரின் தீர்ப்பு. பெரம்பலூர் துறைமங்கலத்தில் அவருக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டு அனுபவம். பானட்டைத் திறந்து பார்த்தவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்பாசிடரா இருந்தா ஒரு ஸ்குரூவைக் கால் சுத்துத் திருப்பி அனுப்பிவிட்டுருவேன் தம்பி. இதுல திருப்புறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இல்ல போயிருச்சு!"

திருகாணி எப்போது பெட்டிக்குள் போனது? அன்று எழுந்த இக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

திருகாணியின் காலம்

பெட்ரோல் எஞ்சின் இரண்டே வினாக்களுக்கு விடை கேட்கிறது. இவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல்? பொறியை எப்போது இடுவது?

முதல் வினாவுக்கு வேதியியல் ஒரு விடை தரும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் வீணும் புகையும். குறைந்தால் விக்கலும் வெப்பமும். இரண்டாவது வினா இன்னும் நுட்பமானது. பொறி பட்டவுடன் கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை; தீ பரவ ஏறத்தாழ இரண்டு மில்லிவினாடி ஆகிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 1000 சுற்றில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 12 பாகை சுழன்றுவிடும். 3000 சுற்றில் 36 பாகை. எனவே பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே பொறி விழவேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முன்னதாக விழவேண்டும். அளவுக்கு மீறி முந்தினால் கலவை தானே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் 'டக்டக்' ஓசை அதுவே.

தொடக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டவர் ஓட்டுநரேதான்! 1908 முதல் 1927 வரை விற்பனையான ஃபோர்டு மாடல் டி காரில், ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்புறம் ஒரு நெம்பு இருந்தது. பொறியை முந்தச் செய்யவும் பிந்தச் செய்யவும் அதைத்தான் அசைக்க வேண்டும். மேட்டில் ஒருவிதம், சமவெளியில் ஒருவிதம். காதால் கேட்டுக் கையால் திருத்துவது அன்றைய வித்தை.

பின்னர் அந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டர் ஏற்றுக்கொண்டது. அதனுள் இருந்த சிறு எடைக்கற்கள் வேகம் கூடும்போது சுழற்சியால் விரிந்து பொறியை முன்னுக்குத் தள்ளின. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம் ஒரு சவ்வை இழுத்துச் சுமைக்கேற்பத் திருத்தம் செய்தது. பெட்ரோலின் அளவைக் கார்புரேட்டரின் பித்தளை ஜெட்டுகளும் திருகாணிகளும் தீர்மானித்தன. எடை, வில், துளை, திருகு எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தவை. ஆகவே திருத்தவும் முடிந்தது.

கழற்றிப் பார்த்துக் கற்ற கல்வி

தமிழகத்தின் பொறியியல் மரபே கழற்றிப் பார்த்துக் கற்ற மரபு எனலாம். கோவையின் ஜி.டி. நாயுடு ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, பணம் சேர்த்து அதை வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்துப் பூட்டியே இயந்திரவியல் கற்றார் என்பது நாடறிந்த செய்தி. அதே கோவையைச் சேர்ந்த கரிவரதன், 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' என்னும் பந்தயக் காரை உருவாக்கினார். குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயம் பழக அது வழி திறந்தது. அந்த எஞ்சினும் கார்புரேட்டர் எஞ்சின்தான். ஜெட்டை மாற்றுவதும் பொறி நேரத்தைக் கூட்டிக் குறைப்பதும் கையால் செய்யும் வேலையாகவே இருந்தன.

துறைமங்கலத்து மெக்கானிக் இந்த மரபின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். கழற்றினால் அறிவு வெளிப்படும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் அந்தப் பெட்டியைக் கழற்றினால் என்ன தெரியும்? பச்சை நிறப் பலகையும் சில கறுப்புச் சில்லுகளும் தெரியும், அவ்வளவே. எடைக்கல்லின் இடத்தில் எண் வந்து அமர்ந்துவிட்டது. எண்ணைக் கழற்றிப் பார்க்க இயலாது, வாசிக்கத்தான் இயலும்.

எண் வந்து அமர்ந்த வரலாறு

பெட்ரோலை மின்னாணை கொண்டு தெளிக்கும் முயற்சி அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனத்தில் தொடங்கியது. 1958 ஆம் ஆண்டுக் கிறைஸ்லர் கார்கள் சிலவற்றில் 'எலெக்ட்ரோஜெக்டர்' என்ற பெயரில் அது வெளிவந்தது. அக்காலத்து மின்னணு உறுப்புகள் எஞ்சினின் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கவில்லை, முயற்சி தோற்றது. அதன் காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தைச் சென்றடைந்தன. 1967 இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷின் 'டி-ஜெட்ரானிக்' அமைப்பு வெற்றியோடு ஓடியது. உறிஞ்சு குழாயின் அழுத்தத்தை அளந்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறந்திருக்கவேண்டும் என்று அது தீர்மானித்தது.

அப்போதும் பொறியின் நேரம் தனியே டிஸ்ட்ரிபியூட்டரின் பொறுப்பில்தான் இருந்தது. 1976 இல் வால்வோ கார்களில் புகைக்குழாயின் ஆக்சிஜனை முகர்ந்து சொல்லும் 'லாம்டா' சென்சார் வந்தது. 1979 இல் பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் வந்த 'மோட்ரானிக்' எரிபொருளையும் பொறியையும் ஒரே கணினிக்குள் கொண்டுவந்தது. அதற்குள் இருந்தவை வாய்பாடுகள்! வேகம் இவ்வளவு, சுமை இவ்வளவு என்றால் பொறி இத்தனை பாகை, பெட்ரோல் இத்தனை பங்கு என்று கட்டம் கட்டமாக எழுதிவைத்த எண்கள். எடையும் வில்லும் வளைகோடுகளை மட்டுமே வரைய வல்லவை. எண்களோ மேடும் பள்ளமுமான எந்த நிலப்பரப்பையும் வரைந்துவிடும். இந்த ஆற்றலே திருகாணியைத் தோற்கடித்தது.

தமிழகத்துக்கு இது சட்டத்தின் கைப்பிடித்து வந்தது. 1995 இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கிப் புகைவடிகட்டி கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடெங்கும் விடைபெற்றது. 1998 இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சாண்ட்ரோ வந்தது. அதற்கு மறு ஆண்டு மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது. இரண்டாம் பாரத் நிலை மாசு விதி 2001 இல் சென்னைக்கும் 2005 இல் நாடு முழுமைக்கும் வந்தது. கார்களின் முதுகில் 'எம்.பி.எஃப்.ஐ' என்ற எழுத்துகள் பெருமையோடு ஒட்டப்பட்ட காலம் அது. சிலிண்டருக்கு ஒரு தெளிப்பான் என்பதே அதன் பொருள்.

2020 ஏப்ரலில் ஆறாம் பாரத் நிலை வந்தபோது சாதாரண 100 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கும் கார்புரேட்டர் போய்விட்டது. இன்று வேப்பந்தட்டையில் பால் கேன் கட்டிப் போகிறவரின் புதிய வண்டியிலும் ஒரு வாய்பாடு இருக்கிறது. அவருக்கு அது தெரியாது. தெரியவேண்டிய தேவையும் பெரும்பாலும் வருவதில்லை.

குழிமாற்றும் எரிபொருள் வாய்பாடும்

வாய்பாடு என்ற சொல்லைக் காரணத்தோடுதான் ஆள்கிறேன். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பாட்டன்மார் நம் குடும்பங்களில் இருந்திருப்பார்கள். முந்திரி தொடங்கும் கீழ்வாய் இலக்கம், நெல்லை அளக்க நெல்லிலக்கம், நிலத்தை அளக்கக் குழிமாற்று. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்றால் குழி எவ்வளவு என்று கணக்கன் ஒவ்வொரு முறையும் பெருக்கிக்கொண்டிருக்கவில்லை. மனத்திலிருந்து எடுத்துச் சொன்னான். விரைவு தேவைப்படும் இடத்தில் கணக்கிடுவதைவிட எடுத்துச் சொல்வதே மேல்.

எஞ்சின் கணினியும் அதையேதான் செய்கிறது. 3000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 100 முறை பொறி விழவேண்டும். ஒவ்வொரு முறையும் எரிதலின் இயற்பியலை முதலிலிருந்து கணக்கிட 1980களின் சில்லுகளால் இயலாது. எனவே ஒரு கட்டத்தாள். கிடைவரிசையில் எஞ்சின் வேகம். நெடுவரிசையில் உறிஞ்சு குழாயின் அழுத்தம். சும்மா ஓடும்போது அழுத்தம் 30, 35 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தால் 100ஐ நெருங்கும். 16க்கு 16 என்று பிரித்தால் 256 கட்டங்கள். எஞ்சின் இரு கட்டங்களுக்கு இடையில் நின்றால் சுற்றியுள்ள நான்கு எண்களிலிருந்து இடைப்பட்ட எண்ணைக் கணினி கணித்துக்கொள்ளும்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் செல்லும் சமதளச் சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரே சீராகப் போகும் கார், வாய்பாட்டின் நடுவில் இருக்கும் நாலைந்து கட்டங்களுக்குள்ளேயே உலவிக்கொண்டிருக்கும். சுமை குறைவு, கலவை மெல்லியது, தீ மெதுவாகப் பரவும், ஆகையால் அங்கே பொறி நன்றாக முந்தியிருக்கும். அதே கார் பச்சைமலை ஏறும்போது வாய்பாட்டின் உச்சிக்குப் போய்விடுகிறது. அங்கே கலவை அடர்த்தி, தீ விரைந்து பரவும், தட்டலும் அஞ்சத்தக்கது. ஆகவே பொறி பிந்தும், பெட்ரோல் கூடும். அதாவது நம் ஊர்ச் சாலைகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தாளில் ஒவ்வோர் இடம் உண்டு.

ஆனால் அந்த எண்களை எழுதியவர்கள் ஒரு குறிப்பிட்ட பெட்ரோலை மனத்தில் கொண்டே எழுதினார்கள். 2003 ஆம் ஆண்டுக் காரில் உறைந்திருப்பது அக்காலத்துப் பெட்ரோலுக்கான பாடம்.

சோளக் கொல்லையிலிருந்து பெட்ரோல் பங்குக்கு

பெட்ரோல் மாறிவிட்டது. 2003 இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலப்புத் திட்டம் தொடங்கியது. அது தட்டுத்தடுமாறியே நடந்தது. 2018 ஆம் ஆண்டு உயிரி எரிபொருள் கொள்கை, கரும்போடு மக்காச்சோளம் போன்ற தானியங்களுக்கும் கதவு திறந்தது. 2022 இல் கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டது. 2030க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கு முன்னே இழுக்கப்பட்டு 2025 இலேயே எட்டப்பட்டது.

இதில் நம் பகுதிக்கு ஒரு தனித் தொடர்பு உண்டு. தமிழகத்தில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூர் முன்வரிசையில் நிற்பது. நெடுங்காலம் அந்தச் சோளத்துக்கு நாமக்கல் கோழிப்பண்ணைகளே பெரிய சந்தை. இப்போது இந்திய எத்தனாலின் முதன்மையான மூலப்பொருள்களுள் மக்காச்சோளமும் ஒன்று. மானாவாரிக் கரிசலில் மழையை நம்பி விதைக்கிற உழவருக்கு இன்னொரு வாங்குபவர் கிடைப்பது சிறிய செய்தியன்று. ஆகவே எத்தனாலை வெறுமனே வைவது பெரம்பலூர்க்காரருக்கு எளிதன்று. நண்பரின் அண்ணனே எட்டு ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார்!

இனிக் கணக்குக்கு வருவோம். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. எனவே 1 கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காற்றே போதும். 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு இந்த விகிதம் 14.7 இலிருந்து ஏறத்தாழ 13.5 ஆக இறங்குகிறது. அதே காற்றுக்கு, தூய பெட்ரோலைவிடக் கனஅளவில் 7, 8 சதவீதம் கூடுதலாகத் தெளித்தால்தான் கலவை சரியாகும். பழைய வாய்பாடு அதை அறியாது. அது தன் எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும்.

மைலேஜ் குறைவது உண்மை. நிதி ஆயோக் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டு அறிக்கையே, தூய பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சீரமைத்த கார்களில் இந்த எரிபொருள் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கும் என்று மதிப்பிட்டது. இன்னொரு பக்கமும் உண்டு. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் மிகுதி; ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கவும் செய்யும். எனவே தட்டல் குறையும். பொறியை இன்னும் சற்று முந்தவைத்து, இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். புதிய கார்களின் வாய்பாடுகள் இந்த ஆதாயத்தைப் பெறும்படி எழுதப்படுகின்றன. பழைய கார் இழப்பை மட்டும் பெறுகிறது, ஆதாயத்தைப் பெறுவதில்லை. பழைய கார்க்காரர்களின் மனக்குறையில் நியாயம் இருக்கும் இடம் இதுவே.

மனப்பாடமும் ஏடும்

அப்படியானால் பழைய எஞ்சின்கள் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கின்றனவே, எவ்வாறு? இங்கேதான் லாம்டா சென்சார் உதவிக்கு வருகிறது. புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் 'பெட்ரோல் போதவில்லை' என்கிறது; கணினி சற்றுக் கூட்டுகிறது. மிச்சமில்லை என்றால் குறைக்கிறது. இந்தத் திருத்தம் தொடர்ந்து ஒரே பக்கமாக இருந்தால், கணினி அதை ஒரு பாடமாகக் கற்றுத் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை, சென்சார் இன்னும் சூடேறாத குளிர்ந்த நேரத்திலும், பல எஞ்சின்களில் அந்தப் பாடம் பயன்படுகிறது.

கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று. மூல வாய்பாடு அழியாச் சில்லில் எழுதிய ஏடு. கற்ற பாடமோ, அக்காலத்துக் கணினிகள் பலவற்றில், பாட்டரியின் மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிற்கும் மனப்பாடம்.

மெக்கானிக்கின் தங்கை மகன் மாலையில் ஒரு ஸ்கேனரோடு வந்தான். எல்லாக் கார்களுக்கும் பொதுவான கண்டறி முறை இந்தியாவில் 2010க்குப் பிறகே சட்டத்தால் வந்தது; அதற்கு முந்திய கார்களுக்கு அந்தந்த நிறுவனத்துக்குரிய வழியில்தான் பேசவேண்டும். இரண்டு மூன்று முறை முயன்றபின் பெட்டி பேசிற்று. கற்ற திருத்தம்: சுழி.

"சுழின்னா நல்லதுதானே?" என்றார் நண்பர்.

பையன் சற்று யோசித்துவிட்டு, "இல்ல சார். இந்தப் பெட்ரோலுக்கு ஏதாவது காட்டணும். சுழின்னா இது எதையுமே கத்துக்கலைன்னு அர்த்தம். பாட்டரியைக் கழற்றினீங்களா?" என்று கேட்டான்.

நண்பர் விழித்தார். கார் வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது. பாட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்ததும் டெர்மினலைக் கழற்றிவைப்பது அவர் பழக்கம். அம்பாசிடர் காலத்துச் சிக்கனம்! கார் பகலெல்லாம் ஓடிப் புதிய பெட்ரோலைக் கற்றுக்கொண்டது. இரவில் நண்பர் அதன் நினைவை அழித்தார். காலையில் அது 2003 ஆம் ஆண்டின் பெட்ரோல் என்று எண்ணிக்கொண்டு எழுந்தது. பனியில் விக்காமல் என்ன செய்யும்?

டெர்மினலை இறுக்கிப் பூட்டி அரியலூர் போய்த் திரும்பினோம். வந்தபின் ஸ்கேனர் காட்டிய திருத்தம் 7 சதவீதம் கூடுதல். தாளில் போட்ட கணக்கும் எஞ்சின் தானே கற்ற பாடமும் ஒத்துப்போனபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, ஒரு பாடவேறுபாடு தீர்ந்தபோது பதிப்பாசிரியர் அடையும் மகிழ்ச்சியைப் போன்றது.

பச்சைமலைக் குறை? அதை மெக்கானிக்கே ஒரு நிமிடத்தில் தீர்த்தார். ஏர் ஃபில்டரை எடுத்து டயரில் இரண்டு தட்டுத் தட்டினார். வெண்மையாகப் புழுதி கொட்டிற்று. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்னால் ஆண்டுக்கணக்கில் ஓடிய காரல்லவா? ஒரு காலத்தில் கடலாயிருந்த நிலத்தின் தூசி காரின் மூச்சை அடைத்திருக்கிறது, பழியோ சோளத்தின்மேல்.

ஏடு திருத்துவோர்

வாய்பாட்டையே திருத்தி எழுத முடியாதா என்றால், முடியும். 1980களிலேயே மேலைநாட்டார் சில்லைப் பிடுங்கிப் புற ஊதாக் கதிரால் அழித்துப் புதிய எண்களை எழுதினார்கள். 2001 இல் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்னும் அமெரிக்கர் இருவர் 'மெகாஸ்குவர்ட்' என்ற எஞ்சின் கணினியை, எவரும் தம் கையால் பற்றவைத்துக் கட்டிக்கொள்ளும்படி வெளியிட்டனர். அதன் முதல் வடிவத்தில் எரிபொருள் வாய்பாடு 8க்கு 8, 64 கட்டங்களே. அவற்றை மடிக்கணினியில் திறந்து பார்க்கலாம்; மாற்றலாம். ஜி.டி. நாயுடு கழற்றிப் பார்த்துக் கற்றதுபோல, எண்களையும் திறந்து பார்த்துக் கற்கும் வழி அதனால் பிறந்தது.

திருத்துவோர்க்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காற்று ஒழுகல், பெட்ரோல் அழுத்தம், பிளக், ஃபில்டர், பழைய ரப்பர் குழாய்கள் ஆகியவற்றைச் சரிபார்க்கவேண்டும். உறுப்பின் குற்றத்தை எண்ணால் மறைக்கக் கூடாது. அடுத்து எரிபொருள் வாய்பாடு. கலவையை நுட்பமாக அளக்கும் அகல்வீச்சு லாம்டா சென்சாரைப் பொருத்தி ஓட்டிப் பதிந்து, எஞ்சின் உண்மையில் தொட்ட கட்டங்களை மட்டும் சிறிது சிறிதாக மாற்றவேண்டும். அக்கம்பக்கத்து எண்களோடு அது இழைந்து நிற்கவேண்டும். ஓர் எண் மட்டும் துருத்தி நின்றால் அது பெரும்பாலும் பிழைதான். பொறி வாய்பாடு கடைசியில். பெட்ரோல் சற்று மிகுந்தால் செலவோடு போகும்; முழுச் சுமையில் பொறி முந்தினால் பிஸ்டனே போகும். சித்திரை வெயிலில் தட்டாதபடி எழுதிய எண்ணே நம் ஊருக்கு ஏற்ற எண்.

பந்தயத் தடத்தில் இதற்குத் தடையில்லை. பொதுச்சாலையில் ஓடும் வாகனமோ மாசு விதிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டது. வாய்பாட்டைத் திருத்தியதால் புகை கூடினால் அதைச் சுவாசிப்பது நம் தெருவேயாகும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. பழைய கார்களின் வாய்பாடுகள் பூட்டிக் கிடக்கின்றன. எழுதிய நிறுவனங்களுள் சில கடையைக் கட்டிவிட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இலும் ஃபோர்டு 2021 இலும் இந்தியாவில் கார் விற்பனையிலிருந்து விலகின. அவர்கள் விற்ற கார்கள் இன்னும் நம் சாலையில் ஓடுகின்றன. புதிய பெட்ரோலுக்கு ஏற்ற உரையை அவற்றுக்கு எழுதப்போவது யார்? நாடெங்கும் எரிபொருளை மாற்றிய அரசு, பழைய எஞ்சின்களின் ஏடுகளைத் திறக்கவும் ஒரு வழி செய்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முடிவாக

இந்த மண்ணுக்கு ஏடு பழக்கமானது. உ.வே. சாமிநாதையர் சிறுவயதில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்து கற்றவர். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை பாடம் கேட்டவர். பின்னாளில் சுவடிகளைப் பதிப்பித்தபோது, பொருள் விளங்காத இடத்தில் அவசரப்பட்டுத் திருத்தாமல், பல ஏடுகளை ஒப்புநோக்கி, முதலில் வாசித்து அறிவதையே முறையாகக் கொண்டார். எஞ்சினுக்கும் அம்முறைதான் பொருந்தும் என்பதே துறைமங்கலத்தில் நான் கற்றது. நண்பரின் காரில் ஓர் எண்ணைக்கூட நாங்கள் மாற்றவில்லை. என்ன எழுதியிருக்கிறது, எது மனப்பாடம், எது ஏடு என்று அறிந்துகொண்டோம், அதுவே போதுமானதாயிற்று. மைலேஜ் இழப்பு மட்டும் தீரவில்லை. அதைத் தீர்க்கப் பூட்டிய ஏடு திறக்கவேண்டும்.

புறப்படும்போது மெக்கானிக் மருமகனின் கையிலிருந்த ஸ்கேனரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த எண்ணெல்லாம் எப்படிப் படிக்கிறதுன்னு எனக்கும் ஒரு நாள் சொல்லிக்குடுடா" என்றார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அப்போதே அவன் அருகில் உட்கார்ந்தும்விட்டார்.